பெயர் எழுதாத அட்டை

அட்டை ஈரமாக இருந்தது.

அவன் விரலை எடுத்து முகர்ந்து பார்த்தான். தண்ணீர் இல்லை, எண்ணெயும் இல்லை. ராத்திரி முழுக்க மூடிக் கிடந்து விடிந்ததும் திறக்கிற வாயின் வாடை. அண்ணாந்து பார்த்தான், தலைக்கு மேலே ஒழுகுவதற்குக் குழாய் எதுவும் கிடையாது. மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் தூசி படிந்தது படிந்தபடி கிடந்தது, இரண்டு பக்கத்துக் கோப்புகளும் சருகு மாதிரி காய்ந்து நின்றன. நடுவில் இந்த ஒரு மஞ்சள் அட்டை மட்டும், யாரோ வெகுநேரம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்துவிட்டு இப்போதுதான் திருப்பிச் செருகினதுபோல வெதுவெதுப்பாக நனைந்திருந்தது.

அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டியது அவனுடைய அக்காவின் கோப்பு.

கிடங்கில் எல்லாரும் அவனைப் பாதி என்று கூப்பிட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்டவன் என்று மேற்பார்வையாளர் முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்ததில் ஒட்டிக்கொண்ட பேர். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளமும் அப்படித்தான் வந்தது.

ஊருக்கு வெளியே, ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பழைய கோப்புகளெல்லாம் இங்கேதான் இருந்தன. இரும்புத் தட்டுகள் வரிசை வரிசையாகக் கூரையைத் தொட்டு நிற்கும். கோப்புகள் எண் வெளியே தெரியும்படி தோளோடு தோள் உரசி நிற்கும். இவற்றைப் பற்றிப் பேசுகிற பேச்சே தனி. நோயாளி வந்துபோய்க் கொண்டிருக்கிறவரை அது உயிருள்ள கோப்பு, ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். வருவது நின்றுவிட்டால் உறங்கும் கோப்பு. இங்கே வந்து சேரும். எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்ற கணக்குக்கு ஆயுள் என்று பேர். ஆயுள் முடிந்தால் அரவை இயந்திரத்துக்குப் போய்விடும். அதற்குள் ஏதாவது வழக்கு வந்து, அழிக்கக் கூடாது என்று வக்கீல் எழுதிவிட்டால், சிவப்பு நாடா கட்டி நிறுத்தி வைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் கேட்டால் அவனுக்குச் சிரிப்பு வரும். நாளாக நாளாக அது நின்றுபோனது.

எல்லா விதிக்கும் மேலே ஒரு விதி இருந்தது. தட்டில் இடம் காலியாக இருக்கக் கூடாது. ஒரு கோப்பை உருவினால் அந்தப் பொந்தில் உடனே ஒரு மஞ்சள் அட்டையைச் செருக வேண்டும். அட்டையில் எடுத்தவன் பெயர், யாருக்காக எடுத்தான், எப்போது எடுத்தான் எல்லாம் எழுத வேண்டும். கோப்பு திரும்பி வந்ததும் அட்டையை உருவிவிடலாம். அட்டை கோப்பைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் வரிசையின் கோடியில் நின்று பார்த்தாலே எங்கெங்கே ஆள் வெளியே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பாதி அந்த வேலையையும் பாதியாக்கியிருந்தான். அட்டை வைப்பான். எழுத மாட்டான்.

சோம்பல் மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை கோப்பு எடுத்தாக வேண்டும் என்று தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நின்று எழுதினால் பொழுது அங்கேயே போய்விடும். எடுத்தவனும் அவன், திருப்பி வைக்கப் போகிறவனும் அவன், வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? வெறும் அட்டைக் கட்டு ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, இடது கையால் உருவி வலது கையால் செருகிப் போய்க்கொண்டே இருப்பான். அவன் வேகத்தைப் பார்த்து மேற்பார்வையாளர் ஒருமுறை பாராட்டக்கூடச் செய்தார். அந்தக் கொட்டகையில் அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இப்போது அக்காவின் இடத்தில் நின்றதும் ஒரு வெறும் அட்டை. அவன் வைத்த அட்டை மாதிரிதான் இருந்தது. ஆனால் அக்காவின் கோப்பை அவன் எடுத்ததே இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து மாமா பேசியிருந்தார். அக்காவின் புருஷன், எதற்கும் பதறாத மனுஷன். அவர் குரல் நடுங்கியது.

"டேய், வயித்துல கட்டி முறுக்கிக்கிச்சாம். காலையில முதல் ஆபரேஷன் இவளுக்குத்தான். தள்ளிப் போட முடியாதுங்கறாங்க."

"பண்ணட்டும் மாமா. பண்ணாதான் சரியாகும்."

"அது இல்லடா. மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்டாரு, முன்னாடி ஏதாவது ஒத்துக்காம போயிருக்கான்னு. உங்க அக்கா சொல்றா, சின்னப் பிள்ளையில ஏதோ ஊசி போட்டு மூச்சே நின்னு போச்சாம். என்ன ஊசின்னா அவளுக்குத் தெரியல."

அவனுக்கும் தெரியாது. அக்காவின் உதடு நீலமாகிப் போனதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறான். மருந்தின் பேர் அப்பாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பேர் இப்போது உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது.

"ஃபைல் உங்க கிடங்குலதான் இருக்காம்டா. டாக்டர் சொல்றாரு, பேர் தெரிஞ்சா நல்லது, தெரியலேன்னா கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிணத்துல இறங்கற மாதிரிதான்னு. நீ அங்கதானே இருக்கே."

"அங்கதான் இருக்கேன். எடுத்துட்டுப் பேசறேன். இது ஒரு வேலையா?"

அப்படித்தான் சொன்னான். கம்ப்யூட்டரில் எண்ணைப் போட்டதும் வரிசை, அடுக்கு, தட்டு எல்லாம் காட்டியது. ஆயுள் எப்போதோ முடிந்திருந்தது. வேறு எதற்கோ நடந்த வழக்கில் அந்த அடுக்கு முழுவதுக்கும் சிவப்பு நாடா கட்டியதால் தப்பியிருந்தது. நிலை: இடத்தில் உள்ளது.

இடத்தில் ஈர அட்டை இருந்தது.

முன் மேசைக்கு வந்து மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் பிடித்தான். தகரத்துக்குள் கைபேசி செத்த பாம்பு. மேசைத் தொலைபேசி ஒன்றுதான் வேலை செய்யும்.

"சார், பாதி பேசறேன்."

"நாளைக்கு லீவுன்னு மட்டும் சொல்லாதே."

"இல்ல சார். ஒரு ஃபைல் இடத்துல இல்ல."

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"இருக்குன்னு சொல்லுது."

"அப்ப இருக்கு."

"இல்ல சார். அட்டைதான் இருக்கு."

"அட்டையில யார் பேரு?"

அவன் சட்டைப் பையிலிருந்த வெறும் அட்டைக் கட்டை உள்ளே அழுத்தினான்.

"டேய், யார் பேருன்னு கேட்டேன்."

"அழிஞ்சு போயிருக்கு சார்."

"அழியாத பேனான்னு பெட்டி பெட்டியா வாங்கிக் குடுத்திருக்கேன், அது மட்டும் எப்படி அழியுது? சரி, கோரிக்கை எண் சொல்லு. எந்த டாக்டர் கேட்டது?"

"கோரிக்கை இல்ல சார். எங்க அக்காவோட ஃபைல்."

மறுமுனையில் தட்டில் கரண்டி வைக்கிற சத்தம்.

"சொந்தக்காரங்க ஃபைலைத் தொட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தானே சேர்ந்தே? காலையில ஆஸ்பத்திரிப் பிரிவு திறக்கும். முறைப்படி எழுதச் சொல்லு. மூணு வேலை நாள்ல வந்துடும்."

"காலையில ஆபரேஷன் சார்."

"அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றே? நான் கத்தி பிடிக்கிறவனா?" கொஞ்சம் இறங்கி வந்தார். "முதல் நாளே சொன்னேன்டா. பேரில்லாத அட்டை வைக்கிறது, யார் வேணா வந்து எடுத்துக்கோங்கன்னு கதவைத் திறந்து வைக்கிற மாதிரி. கேட்டியா? போய் நல்லாத் தேடு. இருக்கும்."

வைத்துவிட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டு பாதி தள்ளுவண்டியிடம் போனான். அதன் முன்சக்கரம் ஒன்று நொண்டி. கிளப்புவதற்கு முன்னால் ஓர் உதை கொடுத்தால்தான் நகரும், நகர்ந்தாலும் கிறீச்சிட்டுக்கொண்டே வரும். வழக்கம்போல உதைத்தான். இன்றைக்கு உதை கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

தொலைந்த கோப்பைத் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். ஆறு ஒன்பதாகப் படிக்கப்பட்டிருக்கலாம். மேல்தட்டுக்கோ கீழ்த்தட்டுக்கோ போயிருக்கலாம். பக்கத்துத் தடித்த கோப்புக்குள் நுழைந்திருக்கலாம், தட்டுக்குப் பின்னால் விழுந்திருக்கலாம். ஒன்று விடாமல் பார்த்தான். ஏணியை இழுத்துப் போட்டு ஏறினான், தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துத் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். செத்த பல்லியும் ரப்பர் பட்டையும் வந்தன. தலைக்கு மேலிருந்த விளக்கு வேறு அவன் பொறுமையைச் சோதித்தது. இங்கே ஒவ்வொரு வரிசைக்கும் தனி விளக்கு. ஆள் அசைந்தால் எரியும், அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். நின்று எண்ணைப் படிக்கும்போதெல்லாம் இருட்டிவிடும். காக்கா விரட்டுகிறவன் மாதிரி கையை ஆட்ட வேண்டும். மறுபடி வெளிச்சம் வரும்.

அப்படி ஒருமுறை கையை ஆட்டியபோதுதான் வரிசை முழுவதையும் கோடிவரை பார்த்தான்.

மஞ்சள் அட்டைகள். நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதுபோலத் தட்டுக்குத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தன. இத்தனை அவன் வைத்ததில்லை. ஆஸ்பத்திரியில் இந்த வாரம் இந்த வரிசையிலிருந்து ஒரு கைப்பிடிக் கோப்புகூடக் கேட்கவில்லை. கிட்டத்தில் இருந்த ஒன்றைத் தொட்டான். ஈரம். அடுத்ததையும் தொட்டான். ஈரம். எதிலும் பேர் இல்லை. எழுத வேண்டிய கட்டங்கள் வெள்ளையாக, லேசாக உப்பிப்போய் இருந்தன.

அவனுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எவனோ தன் தந்திரத்தைக் காப்பியடித்து தட்டுத் தட்டாகக் கோப்பை உருவியிருக்கிறான், பழி தன் தலையில் விழப் போகிறது. எவன்? இந்த நேரத்தில் உள்ளே அவன் ஒருத்தன்தான். வாசலில் காவலாளி இருப்பார். அவர் கோப்பைத் தொட மாட்டார். தூசி என்றால் தும்மியே செத்துவிடுவார்.

பின்கோடியில் ஒரு விளக்கு எரிந்தது.

ஐந்தாறு வரிசைகள் தள்ளி. அங்கே அவன் போகவில்லை. தட்டுகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக வந்து தரையில் விழுந்தது. பிறகு அது அணைந்து, அதற்கு அடுத்த வரிசையில் எரிந்தது. அவசரமே இல்லாமல். வேலை பார்க்கிறவன் ஒரு வரிசையை முடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிற நிதானத்தில்.

அவன் முன் மேசைக்குப் பின்வாங்கி வாசலுக்கு அழைத்தான்.

"அண்ணே, உள்ள வந்தீங்களா?"

"நான் எதுக்குடா வர்றேன்? இங்க கொசுவோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

"பின்னாடி விளக்கு எரியுது."

"அதைத்தான் நானே கேக்கணும்னு இருந்தேன். காத்துப்போற ஓட்டை வழியாத் தெரியுது. ஒரு வாரமா நீ போன பிறகும் எரியுது. அணைச்சுட்டுப் போக மாட்டியா?"

"அது தானா அணையும்ணே. ஆள் இல்லேன்னா."

"அப்ப ஆள் இருக்கு." காவலாளி சிரித்தார். தும்மினார். "எலியா இருக்கும். போய் வேலையைப் பாரு."

எலி. அவனும் அப்படித்தான் நினைத்துக்கொள்ள முயன்றான். எலி காகிதம் தின்னும், மூத்திரம் போகும், ஈரம் அதனால்தான். அட்டையை யார் செருகியது என்று கேட்கவந்த மனசை அதட்டி உட்கார வைத்தான். ஓடிப்போய் வாசலில் காவலாளியோடு உட்கார்ந்துகொள்ளலாம். காலையில் மாமாவுக்கு என்ன சொல்வது? நீல உதட்டோடு அக்கா கிடப்பாள். அவள்தான் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டவள், தலை சீவிவிட்டவள், படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றபோது ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிட்டவள்.

அப்போது சத்தம் கேட்டது.

சரக்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். தினமும் அவன் கையில் பிறக்கிற சத்தம். இறுகி நிற்கிற இரண்டு கோப்புக்கு நடுவே மூன்றாவதை நுழைக்கும்போது காகிதம் காகிதத்தை உரசிக்கொண்டு உள்ளே போவது.

சரக். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. சரக்.

யாரோ கோப்புகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஓர் உதை. இரும்பில் செருப்பில்லாத கால் படுகிற மந்தமான சத்தம். அதைத் தொடர்ந்து கிறீச் என்று நொண்டிச் சக்கரம் நகர்ந்தது. தள்ளுவண்டியை அவன் அக்காவின் வரிசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். சக்கரம் அவன் பக்கம் வரவில்லை. பின்பக்கமாகப் போனது. விளக்குகள் ஒவ்வொன்றாக அதோடு போயின. கடைசி வரிசையில் வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்றது, அணைந்தது.

எத்தனை நேரம் நின்றான் என்று தெரியாது. தொலைபேசி அடித்தபோது உடம்பு தூக்கிப் போட்டது.

"கிடைச்சுதா?" மாமா.

"தேடறேன் மாமா."

"டாக்டர் வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லணும்டா. கிளம்பிட்டு இருக்காரு."

"பத்து நிமிஷம்."

"இது ஒரு வேலையான்னு கேட்டே."

அதில் குத்தல் இல்லை. அதனாலேயே குத்தியது. அவன் தொலைபேசியை வைத்துவிட்டு வரிசையை நோக்கி நடந்தான். வேகமாக. நின்று யோசித்தால் கால் வராது.

விளக்கு எரிந்தது. வரிசை சுத்தமாக இருந்தது.

மஞ்சள் நாக்கு ஒன்றுகூட இல்லை. பொந்துகள் எல்லாம் நிறைந்திருந்தன. எண்கள் வெளியே தெரியும்படி, விளிம்பு ஒரே கோட்டில். ஒரு தட்டின் ஓரத்தில், உருவின அட்டைகளை ஒன்றாக அடுக்கி ரப்பர் பட்டை போட்டிருந்தது. பட்டையை இரண்டு முறுக்கு முறுக்கி, முறுக்கின இடத்தை மூலையில் தள்ளி. பாதி கட்டுகிற மாதிரியே. வேறு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள்.

பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் ஒழிய.

அக்காவின் கோப்பு இடத்தில் இருந்தது.

அதை உருவினான். வெதுவெதுப்பாக இருந்தது. சற்று முன்வரை எதன் அடியிலோ கிடந்ததுபோல, அடைகாத்த முட்டைபோல. சிவப்பு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தான். உள்ளே எல்லாத் தாளும் சரியாக இருந்தது. சிறுமியின் பெயர். எடை. அப்பாவின் கையெழுத்து, கோணல் மாணலாக. தாள்களின் மூலைகள் மட்டும் எச்சில் தொட்டுப் புரட்டினதுபோல மிருதுவாகியிருந்தன. எல்லாத் தாளும். திரும்பத் திரும்பப் படித்திருந்தது போல.

மயக்க மருந்துக் குறிப்பு. சிவப்பு மையில் அடிக்கோடு. மருந்தின் பேர். இனி எப்போதும் கொடுக்கக் கூடாது.

கிடைத்துவிட்டது.

விளக்கு அணைந்தது. அவன் பாய்ந்து திரும்பினான், மறுபடி எரிந்தது. யாரும் இல்லை. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடத் திரும்பியபோது, காலியான பொந்து கண்ணில் பட்டது. கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போனது. இத்தனை மாதப் பழக்கம். ஓர் அட்டையை உருவிச் செருகிவிட்டுத்தான் ஓடினான்.

வெறும் அட்டை.

முன் மேசையில் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, கோப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். மாமா உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். திருப்பிப் படித்துக் காட்டினார். ஓர் எழுத்தைத் தப்பாகச் சொன்னதும் பாதி திட்டினான், மாமா சிரித்துவிட்டார். டாக்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார் போல. நல்லவேளை, இதைத்தான் காலையில் கொடுப்பதாக இருந்தோம் என்று அவர் சொன்னது தூரத்தில் கேட்டது.

பாதி கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டான். நாற்காலியில் விழுந்தான். கண்ணில் நீர் வந்தது. தூசி என்று துடைத்துக்கொண்டான்.

"பொழைச்சோம்டா. நீ முழு ஆளுதான்." மாமாவின் குரலில் இருந்த கல் இறங்கியிருந்தது. "இரு, வைக்காதே. உங்க அக்கா முழிச்சுத்தான் இருப்பா. நீயே சொல்லு, சந்தோஷப்படுவா. இப்பத்தான் போர்வை போர்த்திவிட்டு வெளிய வந்தேன்."

மாமாவின் செருப்புச் சத்தம். ஒரு கதவு. யாரோ இருமுகிறார்கள்.

கிடங்கின் பின்கோடியில் ஓர் உதை விழுந்தது.

அவன் தலையைத் தூக்கினான்.

கிறீச்.

இந்த முறை சக்கரம் வேறு மாதிரி முனகியது. வெறும் வண்டி இல்லை. பாரம். காகிதத்தின் பாரமும் இல்லை. காகிதம் குலுங்காது, இது ஒவ்வொரு தரையோட்டு இணைப்பிலும் லேசாகக் குலுங்கியது.

"எங்கடா போனா?" தொலைபேசியில் மாமா. "சிஸ்டர், கட்டில் எட்டு... இங்க படுத்திருந்தவங்க எங்க? பாத்ரூமா?"

கிறீச். ஒரு விளக்கு எரிந்தது. அடுத்தது எரிந்தது.

"பாத்ரூம்லயும் இல்லையாம். போர்வை மடிச்ச மாதிரி தட்டையாக் கிடக்கு. ஊசி ஏத்தின குழாய் தொங்குது. இது என்னது..."

"மாமா."

"யாரோ கட்டில் நடுவுல எதையோ நட்டு வச்சிருக்காங்கடா. மஞ்சளா. ஒரு அட்டை."

வண்டி நின்றது. அக்காவின் வரிசையில் வெளிச்சம் எரிந்தது.

"யார் பேரு எழுதியிருக்கு?" அது தன் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. "மாமா, அட்டையில யார் பேரு?"

"பேரே இல்லடா. வெறும் அட்டை. சீ, ஈரமா இருக்கு..."

சரக்.

நீளமான சரக். முடியவே முடியாததுபோல. நடுவில் ஓர் இடத்தில் தடங்கியது. அழுத்தம் கொடுக்கிற சத்தம். மெல்லிய எதுவோ முறிந்தது. பிறகு மிச்சமும் உள்ளே போனது.

அவன் எழுந்தான். கோப்பு கையில் இருந்தது. கொண்டுபோய் வைத்துவிட்டால்? இதை வைத்துவிட்டு, அதை எடுத்துவிட்டால்? அதுதானே முறை. கோப்பு வந்தால் இடம் அதற்குத்தானே.

நடந்தான். பின்னால் ஒலிபெருக்கியில் மாமா அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். டேய். டேய், என்னடா இது. டேய்.

முதல் வரிசை. இருட்டு.

அடுத்தது. இருட்டு.

அக்காவின் வரிசை.

தள்ளுவண்டி காலியாக நின்றது. அதன் மேல்தட்டு ஈரம். யாரும் இல்லை. தட்டில் அவன் வைத்த அட்டை இல்லை.

பொந்து நான்கு விரல் அகலம். நிறைந்திருந்தது.

ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியின் விளிம்பு. ஒழுங்காக மடித்து, விளிம்பு மற்றக் கோப்புகளோடு ஒரே கோட்டில். துணிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பட்டை, மணிக்கட்டில் கட்டுகிற பட்டை. எண் வெளியே தெரியும்படி.

அவன் அசையாமல் நின்றான். கையை ஆட்ட நினைத்தான். கை வரவில்லை.

விளக்கு அணையப் போகும் நேரத்தில் பார்த்தான். இரண்டு பக்கத்துக் கோப்புகளும் மெல்ல விலகின. மெல்லச் சேர்ந்தன.

மறுபடி விலகின.